பாக்கி நின்ற வீடு

மைசூரில் மண்டி மொஹல்லாவை ஒட்டிய சந்து ஒன்றில், மங்களூர் ஓடு வேய்ந்து, முன்புறம் இரண்டு மரத்தூண்கள் தாங்கும் சிறு திண்ணையோடு கூடிய பழைய வீட்டில், மாமனார் காலந்தொட்டு வசித்துவரும் பெரியம்மா ஒருவர் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். ரயில்வே ஒர்க்ஷாப் வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து, வேலை முடிந்த பின்னும் ஊரைவிட்டுப் போக மனமில்லாமல் இங்கேயே வேரூன்றிவிட்ட குடும்பம் அது. பெரியம்மா கன்னடம் சரளமாகப் பேசுவார். ஆனால் எழுத்துக்கூட்டிப் படிப்பதெல்லாம் தமிழ் மட்டுந்தான். பங்குனி மாதத்து மாலை ஒன்றில் அவர் என்னை உள்ளே அழைத்து, பூஜை அறைச் சுவரில் மாட்டியிருந்த சாமுண்டேசுவரி படத்தின் பின்னாலிருந்து நான்கு காகித உறைகளை உருவி என் கையில் வைத்தார். நான்கும் பிரிக்கப்படாதவை. அடியிலிருந்த உறையின் ஒரு மூலை விளக்கெண்ணெய் குடித்துக் கண்ணாடிபோல் ஆகியிருந்தது. மேலுறையில் குங்குமம் உதிர்ந்திருந்தது. “தம்பி, வீட்டை ஏலம் விட்டுடுவாங்களாமே? பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லுது” என்று கேட்டபோது, எதற்கும் கலங்காத அந்த முகத்தில் நான் அதுவரை கண்டிராத ஒரு பயம் தெரிந்தது.

உறைகளைப் பிரித்துப் பார்த்தேன். மூன்று தாள்கள் வீட்டுவரி கேட்டு வந்த அறிவிப்புகள். நான்காவது, பாக்கியைக் கட்டத் தவறினால் சட்டப்படி வசூலிக்க நேரும் என்ற எச்சரிக்கை. எல்லாம் கன்னடத்தில், எல்லாம் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் காலமான அவருடைய மாமனார் பெயருக்கு. கணவரும் போய்விட்டார். பிள்ளைகள் இருவரும் வெளியூரில். இறந்தவர் பெயருக்கு வந்த கடிதத்தைத் தாம் பிரிப்பது முறையாகாது என்று எண்ணி, அம்மன் பார்த்துக்கொள்வாள் என்ற நம்பிக்கையில் அவற்றை அங்கே செருகி வைத்திருக்கிறார். இதை அறியாமை என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. இப்படிப் பிரிக்கப்படாத உறைகள் நம் வீடுகள் பலவற்றில் படங்களின் பின்னாலும் டிரங்குப் பெட்டிகளின் அடியிலும் கிடக்கின்றன என்பது என் அனுபவம். வரி பாக்கி என்ற விஷயத்தை, அதன் பயங்கரத்தையும் அதிலிருந்து மீளும் மார்க்கங்களையும், சாவகாசமாக எழுதிப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

அந்தத் தாள்களில் அச்சிட்டிருந்தது ‘ஆஸ்தி தெரிகெ’ என்று. மைசூர்க்காரர்கள் வாயில் வழங்குவது ‘மனெ கந்தாய’, அதாவது வீட்டுக் கந்தாயம். இந்தச் சொல் நமக்கு அந்நியமானதன்று. நம் பஞ்சாங்கங்களில் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் நேராகக் கந்தாய பலன் என்று மூன்று எண்கள் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆண்டை மூன்றாகப் பகுத்த நான்கு மாத காலத்துக்குக் கந்தாயம் என்று பெயர். வரிக்கும் தவணைக்கும் அதே பெயர் பழந்தமிழ் வழக்கில் உண்டு. வரியையும் அதைக் கட்டவேண்டிய காலத்தையும் ஒரே சொல்லில் கட்டிவைத்த முன்னோர்களின் விவேகத்தை நான் வியக்கிறேன்; ஏனெனில் வீட்டுவரியால் ஒரு குடும்பத்துக்கு நேரும் சங்கடங்களுள் பெரும்பாலானவை வரியின் தொகையால் விளைபவை அல்ல, தவறவிட்ட காலத்தால் விளைபவை.

மைசூர் ராஜ்யத்துக்கே வரி பாக்கியால் நேர்ந்த கதி ஒன்று உண்டு. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில், தாலூகா அதிகாரிகள் இவ்வளவு தொகை வசூலித்துத் தருவோம் என்று சர்க்காருக்கு நிபந்தனைச் சீட்டு எழுதிக்கொடுத்து, குறைந்ததைத் தம் கையிலிருந்து ஈடுசெய்யவேண்டிய ‘ஷர்த்து’ முறை நிலவியது. தம் தலை தப்ப அவர்கள் குடிகளின் தலையில் ஏறினார்கள். ‘நகர்’ என்ற சீமையில் விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். 1831-இல் ஆங்கிலேயர் நிர்வாகத்தைப் பறித்துக்கொண்டு, 1881 வரை, ஐம்பது ஆண்டுகள் திருப்பித் தரவில்லை. ராஜ்யம் மறுபடி உடையார் வம்சத்துக்குக் கிடைத்தபோது முதல் திவானாக இருந்தவர் நம் செங்கற்பட்டுச் சீமையைச் சேர்ந்த ரங்காசார்லு. வரி செலுத்தும் பிரஜைகளின் குறைகளை அவர்கள் வாயாலேயே கேட்பதற்காக அந்த ஆண்டிலேயே தசராவின்போது பிரஜாப் பிரதிநிதி சபையைக் கூட்டியவர் அவர். மைசூர் நகர மண்டபம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. வரி கேட்பவன் முதலில் குறை கேட்கவேண்டும் என்ற அந்த நியாயம், வசூல் இலக்குகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நினைக்கத்தக்கது என்று கருதுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிளேக் நோய் இந்த நகரத்தைச் சூறையாடியது. அதன் பிறகு, 1903-இல், நகர அபிவிருத்தி டிரஸ்டு போர்டு என்ற ஸ்தாபனம் இங்கே ஏற்பட்டது; அகன்ற வீதிகளும், வீடுகளின் பின்னால் துப்புரவுக்கென்றே விடப்பட்ட சந்துகளும், நிலத்தடிச் சாக்கடையும் மைசூருக்கு அழகூர் என்ற கீர்த்தியைக் கொடுத்தன. பெரியம்மா வீட்டின் பின்புறத்திலும் அப்படி ஒரு சந்து இருக்கிறது. அதைப் பெருக்குகிறவருடைய சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்துக்கொண்டே போனால், அந்தச் சாமி படத்துக்குப் பின்னால்தான் வந்து நிற்கவேண்டியிருக்கும்.

வரி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைசூர் மாநகராட்சி 1976-ஆம் ஆண்டின் கர்நாடக மாநகராட்சிகள் சட்டத்துக்கு உட்பட்டது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இங்கே சுயமதிப்பீட்டு முறை நடைமுறையில் இருக்கிறது. அதாவது மனையின் அளவு, கட்டடத்தின் அளவு, அதன் தரம், உபயோகம், வயது ஆகியவற்றை உரிமையாளரே படிவத்தில் எழுதி, அரசாங்கம் வகுத்த வழிகாட்டி மதிப்பைக் கொண்டு கணக்கிட்டு, தாமே செலுத்தவேண்டும். அதன்மேல் செஸ் என்ற உபவரிகள் ஏறுகின்றன: சுகாதாரத்துக்கு நூற்றுக்குப் பதினைந்து, பொது நூலகத்துக்கு ஆறு, பிச்சை எடுப்போரின் மறுவாழ்வுக்கு மூன்று. ஒரு ரூபாய் வீட்டுவரி கட்டுகிறவன் ஆறு காசு நூலகத்துக்கும் மூன்று காசு பிச்சை எடுப்பவனுக்கும் கொடுக்கிறான் என்ற இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது. இதைப் பெரியம்மாவுக்கு விளக்கியபோது, “நூலகத்துக்கா? நம்ம காசா?” என்று இரண்டு முறை கேட்டார்.

நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல் மாதத்துக்குள்ளேயே முழு வரியையும் செலுத்துகிறவருக்கு நூற்றுக்கு ஐந்து தள்ளுபடி உண்டு. இந்தச் சலுகைக் காலத்தை அரசாங்கம் சில ஆண்டுகளில் நீட்டிப்பதும் உண்டு. அதன்பின் தள்ளுபடியும் இல்லை, தண்டமும் இல்லை என்ற சிறு இடைவெளி. அதையும் கடத்திவிட்டால் மாதம் ஒன்றுக்கு நூற்றுக்கு இரண்டு வீதம் அபராதம் ஏறத் தொடங்குகிறது. இரண்டு என்பது காதுக்குச் சிறிய எண். ஆனால் ஐம்பது மாதம் கழிந்தால் அபராதம் அசலுக்குச் சமமாகிவிடுகிறது என்று சொன்னால் அதன் கனம் விளங்கும். ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரியுள்ள ஒரு வீட்டுக்கு ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வரி கட்டவில்லை என்றும், ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் அபராதம் தொடங்குவதாகவும் வைத்துக்கொண்டு, ஐந்தாம் ஆண்டு மார்ச் முடிவில் கணக்குப் பார்த்தால், அசல் 30,000, அபராதம் 19,800, ஆக 49,800 ரூபாய் வருகிறது. அதே வீட்டுக்காரர் ஆண்டுதோறும் ஏப்ரலில் கட்டியிருந்தால் 28,500 ரூபாயில் முடிந்திருக்கும். தமிழ்நாட்டில் 2023 முதல் நடப்பிலுள்ள நகர்ப்புற உள்ளாட்சி விதிகளின்படி இந்த அபராதம் மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்றுதான். அரையாண்டு தொடங்கிய முப்பது நாளுக்குள் கட்டுகிறவருக்கு அங்கும் ஐந்து சதவீத ஊக்கத்தொகை உண்டு, 5,000 ரூபாய் என்ற உச்சவரம்போடு. வசதியிருந்தும் கட்டாதவனுக்கு மாதம் இரண்டு சதவீதம் தகும். ஓய்வூதியம் ஒன்றையே நம்பியிருக்கும் கிழவிக்கும் அதே விகிதம் என்பது கடுமை. இதை நான் ஒளிவுமறைவின்றிச் சொல்லவே விரும்புகிறேன்.

இனி, பெரியம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். வீட்டை ஏலம் விடுவார்களா? சட்டத்தில் அதற்கு இடமுண்டு. ஆனால் அந்த இடத்துக்குப் போகும் வழி நீளமானது. வீட்டுவரி அந்தச் சொத்தின்மீது முதற்பற்றாக நிற்கிறது. சர்க்காருக்குச் சேரவேண்டிய நில வருவாய்க்கு அடுத்தபடியாக, மற்ற பாத்யதைகளுக்கு முன்னால் அதைத் தீர்க்கவேண்டும் என்பது மாநகராட்சிச் சட்டத்தின் கருத்து. முதலில் கேட்புச் சீட்டு, பிறகு கோரிக்கை அறிவிப்பு. அதற்கும் பதிலில்லாவிட்டால் ஜப்தி வாரண்டு. முதலில் கை வைப்பது அசையும் பொருள்களின்மேல். ஜப்திக்கும் நம் தேசத்தில் ஒரு தர்மம் உண்டு: நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றும் அமீனாகூடச் சூரியன் மறைந்த பின்னும் உதிப்பதற்கு முன்னும் குடியிருக்கும் வீட்டினுள் நுழையக்கூடாது, உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவிகள், மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத ஆபரணம் ஆகியவற்றைத் தொடக்கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. தாலியை ஜப்தி செய்துவிடுவார்கள் என்று பயந்து வட்டிக்கடையை நாடுகிற பெண்கள் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

பாக்கியை நில வருவாய் நிலுவையைப்போல வசூலிக்கத் தலைப்பட்டால், அப்போதுதான் அசையாச் சொத்தின் ஏலம் என்ற கட்டம் வருகிறது. தண்டோராவும் பிரகடனமும் இல்லாமல் அந்த ஏலம் நடக்க முடியாது. ஏலம் எடுத்தவர் கால்பங்குத் தொகையை உடனே கட்டி, மீதியைப் பதினைந்து நாளில் கட்டவேண்டும். ஏலச் சுத்தியல் விழுந்து, பெயர் எழுதப்பட்ட பின்னும் கதவு முழுவதும் சாத்தப்படுவதில்லை என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. ஏலம் நடந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள், வரி பாக்கியையும், ஏலத்தொகையில் நூற்றுக்கு ஐந்தை ஏலதாரருக்கு நஷ்டஈடாகவும் கட்டிவிட்டால், சொத்துக்காரர் அந்த ஏலத்தையே ரத்துச்செய்யக் கோரலாம். சென்னை ராஜதானியின் 1864-ஆம் ஆண்டு வருவாய் வசூல் சட்டத்திலும், கர்நாடகத்தின் 1964-ஆம் ஆண்டு நில வருவாய்ச் சட்டத்திலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. பிரகடனத்திலோ ஏலத்திலோ பெரிய முறைகேடு நடந்து, அதனால் நஷ்டம் நேர்ந்திருந்தால், அதைக் காட்டி ஏலத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கும் மார்க்கம் தனியே உண்டு. வங்காளத்தில் 1793-இல் ஜமீன்களுக்கு ஏற்பட்ட சட்டத்தை நினைத்துப் பாருங்கள்: கெடு நாளன்று சூரியன் அஸ்தமிக்குமுன் கிஸ்தி கஜானா சேராவிட்டால் ஜமீன் ஏலத்துக்குப் போயிற்று, எத்தனையோ பழைய குடும்பங்கள் ஒரே மாலையில் தெருவுக்கு வந்தன. அந்தக் கொடுமையோடு ஒப்பிட்டால் நம் முப்பது நாள் ஒரு கருணைதான். ஆயினும் ஒவ்வொரு கதவும் முந்தைய கதவைவிடக் குறுகலானது, விலை அதிகமானது.

பாக்கியும் செலவும் போக ஏலத்தில் மிஞ்சும் தொகை சொத்துக்காரருடையதே. இது சொல்லாமலே விளங்கும் நியாயம் என்று நாம் நினைப்போம். ஆனால் அமெரிக்காவில் இதை உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டியிருந்தது. மினியாபொலிஸ் நகரத்து மூதாட்டி ஒருவர், வழக்கு அங்கே போனபோது தொண்ணூற்று நான்கு வயதினர், முதியோர் விடுதிக்குக் குடிபோன பின் தம் சிறு அடுக்ககத்துக்கு வரி கட்டாமல் விட்டுவிட்டார். பாக்கி ஏறத்தாழ 2,300 டாலர். அபராதமும் வட்டியும் செலவும் சேர்ந்து 15,000 டாலர் ஆயிற்று. மாவட்ட நிர்வாகம் அதை 40,000 டாலருக்கு விற்று, மிச்சம் 25,000 டாலரையும் தானே வைத்துக்கொண்டது. வரியை வசூலிக்கலாம், அதற்கு மேல் எடுப்பது சொத்தைப் பறிப்பதாகும் என்று 2023 மே மாதம் நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அசலைக் காட்டிலும் ஐந்து மடங்குக்கு மேல் துணைச்சுமை ஏறிய அந்தக் கணக்கைப் படித்தபோது, எண்ணெய் ஊறிய அந்த உறைதான் என் கண்முன் வந்தது.

பெரியம்மாவுக்குப் பணம் ஒரு தடை. அதைவிடப் பெரிய தடை பெயர். மைசூரில் ஒரு சொத்துக்கு மாநகராட்சிப் பதிவேட்டில் உள்ள கணக்கைக் காத்தா என்கிறார்கள். நம்மூரில் பட்டா, வரிவிதிப்பு எண் என்றெல்லாம் நாம் சொல்வனவற்றின் கலப்பு என்று அதைப் புரிந்துகொள்ளலாம். சொத்துக்காரர் இறந்ததும் காத்தாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றவேண்டும். மாற்றாமல் விட்டால் சீட்டு இறந்தவருக்குப் போகிறது. அண்ணன் கட்டுவான் என்று தம்பியும் தம்பி கட்டுவான் என்று அண்ணனும் இருந்துவிடுகிறார்கள். பாகப்பிரிவினைச் சண்டை என்றால் கேட்கவே வேண்டாம், பூட்டிய வீட்டின் கதவிடுக்கில் அறிவிப்புகள் குவிகின்றன. சொத்துக்கள் கைநழுவுவதற்கு வறுமையைவிட இந்தப் பெயர் மாறாமையே பெரிய காரணம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். இதற்கு வேண்டிய காகிதங்கள் சில: இறப்புச் சான்றிதழ், நாடகச்சேரி என்று இங்கே வழங்கும் வருவாய்த்துறை அலுவலகத்தில் பெறவேண்டிய ‘வம்ச விருக்ஷ’ என்ற குடும்ப மரச் சான்று, மூலப்பத்திரத்தின் நகல், இ.சி. என்னும் வில்லங்கச் சான்று, கடைசியாகக் கட்டிய வரி ரசீது. பாக்கி தீராமல் காத்தா மாறுவது அரிது. ஆனால் காத்தா மாறாமல் பாக்கியைக் கட்டத் தடையேதும் இல்லை. இறந்தவர் பெயரிலுள்ள வரியை யார் கட்டினாலும் ரசீது கிடைக்கும். பெயர் மாறட்டும், பிறகு கட்டலாம் என்று காத்திருப்பதுதான் பலர் செய்யும் தவறு. அபராதம் அதற்காகக் காத்திருப்பதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். வரி ரசீதோ காத்தாவோ ஒருவரைச் சொத்துக்கு உரிமையாளர் ஆக்கிவிடாது. உரிமை பத்திரத்திலும் வாரிசுரிமையிலும் இருக்கிறது. அங்கீகாரம் பெறாத மனைகளுக்குத் தனிப் பதிவேட்டில் பி-காத்தா கொடுக்க 2025-இல் கர்நாடக அரசு மாநிலமெங்கும் இயக்கம் நடத்தியபோது, அதைப் பெற்றதாலேயே குறைகளெல்லாம் நீங்கிவிட்டதாக எண்ணிய பலரை நான் சந்தித்தேன். வரிக்கு வழி பிறந்தது. அங்கீகாரக் குறை அப்படியேதான் இருக்கிறது.

தொகையே தவறு என்று தோன்றினால் என்ன செய்வது? முதலில் அளந்து பாருங்கள். ஓட்டு வீட்டைத் தளக் கட்டடமாக எழுதியிருக்கிறதா, இடித்துவிட்ட அறை கணக்கில் நிற்கிறதா, அறுபது ஆண்டுக் கட்டடத்துக்கு உரிய தேய்மானம் கழித்திருக்கிறதா, ஒரு காலத்தில் முன்னறையில் நடந்த பெட்டிக்கடைக்காக இன்னும் வர்த்தக விகிதம் போட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். பெரியம்மா வீட்டில் நாங்கள் அளவுநாடா பிடித்தபோது, பின்கட்டில் மாட்டுக்கொட்டகை இருந்த இடம் வெறுந்தரையாகக் கிடந்தது. காகிதத்தில் மட்டும் அது கட்டடமாக நின்றது. இத்தகைய திருத்தங்களுக்கு எழுத்துமூலம் அர்ஜி கொடுத்து, தேதி முத்திரையிட்ட ‘ஸ்வீக்ருதி’ என்ற ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொள்ளவேண்டும். வாய்ப்பேச்சு அடுத்த அதிகாரி மாறிவந்ததும் மறைந்துபோகும். திருத்தம் வரும்வரை வரியை நிறுத்தி வைப்பது உசிதமன்று. ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, சந்தேகமில்லாத தொகையையாவது கட்டிவிட்டால், அந்த அளவுக்கு அபராதம் நிற்கும். கட்டிய பணம் எந்த ஆண்டின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது என்பதையும் ரசீதிலேயே பார்த்துக்கொள்ளவேண்டும். அபராதத்தைக் குறைக்கும் சலுகைத் திட்டங்களும் எப்போதாவது வரும். பெங்களூரில் 2024-இல் அப்படியொரு ஒரே முறைத் தீர்வு அறிவித்து, நவம்பர் முடியும்வரை நீட்டித்தார்கள். வந்தால் உபயோகித்துக்கொள்ளலாம், வரும் என்று நம்பிக் கட்டாமலிருப்பது ஆபத்து.

பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முந்தைய சொந்தக்காரர் வைத்த பாக்கி சொத்தோடு சேர்ந்து வரும். பாக்கி இருப்பதை அறியாமல் விலை கொடுத்து வாங்கியவர்மீது அந்தப் பற்று, சட்டம் வெளிப்படையாக வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலன்றி, செல்லாது என்று ஆமதாபாத் மாநகராட்சி சம்பந்தப்பட்ட வழக்கு ஒன்றில் 1971-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது உண்மை. ஆனால் உச்ச நீதிமன்றம்வரை போய் ஜெயிப்பதைவிட, கிரயத்துக்கு முன் நடப்பு ஆண்டுவரையிலான ரசீதுகளைக் கேட்டு வாங்குவது சுலபம். நகரின் ஓரத்து லேஅவுட்டுகளில் வாங்குகிறவர்கள், வரியை மாநகராட்சிக்குக் கட்டுவதா, நகர வளர்ச்சி ஆணையத்துக்கா, பஞ்சாயத்துக்கா என்பதையே முதலில் நிச்சயித்துக்கொள்ளவேண்டும். தவறான இடத்தில் கட்டிய ரசீது பாக்கியைத் தீர்க்காது.

வங்கிக்கடனுக்காக வீடு ஏலம் போவதை இதோடு குழப்பிக்கொள்ளக்கூடாது; பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வரும் ஏல அறிவிப்புகளுள் பெரும்பாலானவை அந்த ரகம். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி அறுபது நாள் அறிவிப்புக் கொடுத்து, நீதிமன்றம் போகாமலே சொத்தைக் கைப்பற்றலாம். அந்த நடவடிக்கையை எதிர்த்து நாற்பத்தைந்து நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம். அங்கே மீட்கும் உரிமை, ஏல அறிவிப்புப் பிரசுரமானதோடு முடிந்துபோகிறது என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. வரி ஏலத்துக்குப் பின்னும் கிடைக்கும் முப்பது நாள் அவகாசத்தை நம்பி வங்கி ஏலத்தில் காத்திருந்தவர்கள் ஏமாந்துபோவார்கள்.

மாநகராட்சிகளிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. மூன்று ஆண்டு பாக்கி நின்ற வீடு என்று கணிப்பொறி காட்டியதும், நான்காவது உறையை அனுப்புவதற்கு முன் ஓர் ஊழியர் அந்தக் கதவைத் தட்டட்டும். உள்ளே இருப்பவர் யார், உயிரோடு இருப்பவர் பெயருக்குத்தான் எழுதுகிறோமா என்று பார்க்கட்டும். மண்டி மொஹல்லா, லஷ்கர் மொஹல்லா போன்ற பகுதிகளில் கன்னடத்தோடு தமிழும் உருதுவும் வீட்டுமொழிகள். அறிவிப்பின் அடியில் அந்த மொழிகளில் ஒற்றை வரி சேர்த்தால் எத்தனையோ உறைகள் பிரிக்கப்படும். குடியிருக்கும் ஒரே வீட்டை உடைய முதியவர்களுக்கு அபராத விகிதத்தைத் தணித்து, மாதத் தவணையில் கட்ட வழிவகுப்பது வசூலையும் கெடுக்காது. அன்று தசராவில் பிரதிநிதிகளைக் கூட்டிய ஊருக்கு இது பெரிய காரியமன்று.

மார்ச் மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் நாங்கள் வட்டார அலுவலகத்துக்குப் போனோம். பிள்ளைகள் இருவரும் பணம் அனுப்பியிருந்தார்கள். பெரியம்மா துணிப்பையில் ஒரு பிஸ்கட் டப்பா கொண்டுவந்திருந்தார்; அதில் 1960-களிலிருந்து மாமனார் கட்டிய ரசீதுகள் ஆண்டுவாரியாக நூல் கட்டி அடுக்கியிருந்தன. கவுண்டரிலிருந்த இளைஞர் மேலேயிருந்த ரசீதை எடுத்து, விளக்கின் கீழ் பிடித்து, மங்கிய எழுத்தைப் பார்த்து, பழைய காத்தா எண்ணைக் கண்டுபிடித்துவிட்டார். “அஜ்ஜி, இதெல்லாம் பத்திரமாக வெச்சுக்குங்க” என்று கன்னடத்தில் சொல்லி, இரு கைகளாலும் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். பணம் கட்டியாயிற்று. மாட்டுக்கொட்டகைத் திருத்தத்துக்கும் காத்தா மாற்றத்துக்கும் அர்ஜிகள் கொடுத்து, முத்திரை வாங்கினோம்.

வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்று, புது ரசீதை நான்காக மடித்து டப்பாவில் வைக்கப்போனவர், மறுபடி விரித்து, என்னிடம் காட்டி, அந்த ஆறு காசு எந்த வரியில் இருக்கிறது என்று கேட்டார். காட்டினேன். சற்று நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அந்த நூலகம் எந்தத் தெருவில் இருக்கு தம்பி? தமிழ்ப் புஸ்தகம் வெச்சிருப்பாங்களா?” என்றார். அருகில்தான் ஒரு கிளை இருந்தது. டப்பாவை நான் வாங்கிக்கொள்ள, இருவரும் அந்தப் பக்கமாக நடந்தோம்.